கத்தியில்லாப் பிரிவில் ஒரு கழுத்து

புதுச்சத்திரத்துக்கு மேற்கே தோட்டம் வைத்திருந்த சென்னியப்பனுக்குக் கழுத்தில் கழலை வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. முதலில் அது எலுமிச்சங்காய் அளவில் மரியாதையாக இருந்தது. பிறகு மாங்காய் ஆயிற்று. இந்தக் கதை தொடங்குகிற கோடையில் நல்ல தென்னங்குரும்பை அளவுக்கு வளர்ந்து, தாடைக்கும் மார்புக்கும் நடுவே தனிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. களி உருண்டை இறங்குவதில்லை. கம்பங்கூழைக் கரைத்துக் குடித்துக் காலம் தள்ளினார். மல்லாந்து படுத்தால் மூச்சு அடைக்கும் என்று சுவரில் சாய்ந்தபடியே கண்ணயர்வார். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டார். அவர் பொறுக்க முடியாமல் போனது குரல் போனதைத்தான்.

கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைக்கிற மாடுகள் கிணற்றடிச் சரிவில் இறங்கும்போது தோல் பறி நிரம்பி மேலே வரும். தண்ணீர் வாய்க்காலில் கொட்டியதும் அவை முகம் திருப்பாமல் பின்னாலேயே மேடேறி வரவேண்டும். அதற்குத் தார்க்குச்சி உதவாது. ஓட்டுகிறவன் குரல்தான் உதவும். சென்னியப்பனின் குரல் கழலைக்குள் மாட்டிக்கொண்டு வெறும் கீச்சாக வெளிப்பட்ட நாளில், மாடுகள் சரிவின் அடியிலேயே நின்று, யாரோ வேற்றாள் வந்திருக்கிறான் என்பதுபோலத் திரும்பிப் பார்த்தன. மிளகாய்ப் பாத்திகள் வாடத் தொடங்கின.

அந்தக் கோடையில்தான் சபை வந்தது.

சபையின் முழுப்பெயர், 'கண்டரோக ரணசிகிச்சை ஆராய்ச்சி மற்றும் பொதுஜன விழிப்புப் பிரசார சபை.' பலகை எழுதியவருக்கு இடம் போதாமல் 'சபை' என்ற சொல் மட்டும் பலகைக்கு வெளியே சுவரில் எழுதப்பட்டிருந்தது. ஆகையால் நாமும் சபை என்றே சொல்வோம். அதன் தலைவர் ராவ் சாகிப் பட்டாபிராமன். அவருக்குக் கழுத்தைப் பற்றியோ கழலையைப் பற்றியோ ஒன்றும் தெரியாது; தலைமை வகிப்பதில் மட்டும் நீண்ட அனுபவம் உண்டு. ரணசிகிச்சை நிபுணர், அதாவது கத்தி வைக்கிறவர், டாக்டர் வீரபாகு. ஊர் ஊராகப் போய் மாஜிக் லாந்தர் காட்டிப் பிரசங்கம் செய்தவர் ஸ்ரீமதி சாரதாமணி அம்மாள்.

புதுச்சத்திரம் சந்தைத் திடலில் வெள்ளைத் துணி கட்டி முதல் லாந்தர்க் காட்சி நடந்தது. துணியில் ஒரு பெரிய கழுத்து தோன்றியது.

"மகாஜனங்களே! இந்த வியாதிக்குக் கத்தி ஒன்றே பரிகாரம். கத்திக்குப் பயப்படாதீர்கள். தாமதியாதீர்கள். நாளைக்கே வாருங்கள்!" என்று சாரதாமணி அம்மாள் முழங்கினார்.

ஜனங்கள் துணியைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் தலையைத் திருப்பிச் சென்னியப்பனைப் பார்த்தார்கள். அவர் துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டார்.

"மச்சான், நம்மளத்தான் கூப்புடறாங்க," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னண்ணன். இவர் சென்னியப்பனின் மனைவி பாவாயிக்கு அண்ணன், வண்டி ஓட்டுகிறவர், வாயும் சற்று ஓட்டுகிறவர்.

மறுநாள் பாவாயியையும் கூட்டிக்கொண்டு மூவருமாகச் சின்னண்ணனின் வண்டியில் சபையின் முகாமுக்குப் போனார்கள். கழுத்தைக் கண்டதும் டாக்டர் வீரபாகு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"அபாரமான கழுத்து! ராவ் சாகிப், இதைப் பாருங்கள். சீமைப் புத்தகத்தில்கூட இப்படி ஒன்று இல்லை!"

இதுவரை தன் உடம்பில் எதையும் யாரும் மெச்சி அறியாத சென்னியப்பன் கூச்சத்தோடு கும்பிட்டார். படம் பிடிக்கிறவர் வந்து முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் பிடித்தார். கண்ணாடிச் சில்லில் ஏற்றி லாந்தரில் காட்டுவார்களாம்.

"அப்ப எப்பங்க அறுப்பீங்க?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"அறுப்பதா?" என்றார் ராவ் சாகிப். "அதை நாங்கள் தீர்மானிப்பதில்லை. உறை தீர்மானிக்கும்."

மேஜைமேல் ஒட்டிய காகித உறைகள் ஒரு தட்டில் குவிந்திருந்தன. உள்ளே வெள்ளைத் தாள் இருந்தால் கத்தியுள்ள பிரிவு; சிவப்புத் தாள் இருந்தால் கத்தியில்லாப் பிரிவு. எந்தப் பிரிவு எப்படி இருக்கிறது என்று ஒத்துப் பார்ப்பதே ஆராய்ச்சி. இதை விளக்க ராவ் சாகிப் எழுந்து நின்றார். கேட்க ஆளே இல்லாவிட்டாலும் எழுந்து நின்றுதான் அவருக்குப் பேசவரும்.

"தேர்வை வைத்தியர் கையில் விட்டால் என்ன ஆகும்? எவனுக்கு மூச்சு முட்டுகிறதோ அவனுக்கு முதலில் கத்தி வைத்துவிடுவார்! இரக்கம் என்கிற அந்தப் பலவீனம் விஞ்ஞானத்தைக் கெடுத்துவிடும். அதை ஒழிக்கவே இந்த உறைகளை ஏற்படுத்தியிருக்கிறோம்."

பாவாயிக்குப் பிரசங்கம் புரியவில்லை; தட்டு நன்றாகப் புரிந்தது. அவர்கள் பக்கத்தில் ஒரு கல்யாணம் பேசுவதானாலும் கிணறு தோண்டுவதானாலும், வெள்ளைப் பூ ஒன்றும் சிவப்புப் பூ ஒன்றும் தனித்தனியாக இலையில் மடித்து, சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு; சிவப்பு வந்தால் வேண்டாம். அதற்குப் பூவாக்கு என்று பேர்.

"அட, பூவாக்குக் கேக்கறாங்கண்ணா!" என்று அவள் முகம் மலர்ந்தது. "நாங்கூட என்னமோ ஆசுபத்திரின்னு பயந்துட்டேன். ஏனுங்க, சித்தெ இருங்க. தலைக்குத் தண்ணி ஊத்தாம வாக்குக் கேக்கப்படாது."

சென்னியப்பனைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய் இரண்டு குடம் ஊற்றி, ஈரத் துணியோடு கொண்டுவந்து நிறுத்தினாள். மடியிலிருந்த கர்ப்பூரத்தை எடுத்து ராவ் சாகிபின் மேஜைமேல் ஏற்றினாள். காகிதங்கள் தீப்பிடிக்காமல் டாக்டர் வீரபாகு தொப்பியால் அமுக்கினார்.

"இது மூடநம்பிக்கை அல்ல, அம்மா! விஞ்ஞானம்!" என்று ராவ் சாகிப் கத்தினார்.

"ஆமாங்க சாமி, சக்தியுள்ளதுதானுங்க," என்று சொல்லி அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சென்னியப்பன் கண்ணை மூடி ஓர் உறையை எடுத்தார். பிரித்தால், சிவப்பு.

பாவாயி சுருங்கிப் போனாள். சின்னண்ணன் முன்னால் வந்தார்.

"போவுதுங்க. இன்னும் ரெண்டு தரம் எடுக்கச் சொல்லுங்க. மூணு தரம் கேக்கறதுதானுங்க மொறை."

"ஒரே தரம்தான்! திரும்ப எடுக்க அனுமதித்தால் அது விஞ்ஞானமா? சிவப்பு என்றால் சிவப்பு."

"அப்ப எனக்கு என்ன வைத்தியமுங்க?" என்று கீச்சினார் சென்னியப்பன்.

"கவனிப்பு," என்றார் டாக்டர். "மாதாமாதம் நீர் வருவீர். கழலை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று நூல் வைத்து அளப்போம்."

"அளந்துட்டுங்க?"

"அடுத்த மாதம் வரையில் சும்மா இருப்பீர்."

"இத்தன நாளா ஊட்டுல சும்மாத்தானுங்க இருந்தேன்."

ராவ் சாகிப் குழந்தைக்குச் சொல்வதுபோலப் புன்னகை செய்தார். "அது அறியாமையால் சும்மா இருந்தது. இது ஆராய்ச்சிக்காகச் சும்மா இருப்பது."

வெளியே புளியமரத்தடியில் சின்னண்ணன் மாடு பூட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு மோட்டார் வந்து நின்றது. பக்கத்து மிட்டாதாரின் மைத்துனர் இறங்கினார். அவர் கழுத்திலும் ஏதோ இருப்பதாகச் சொன்னார்கள்; மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் சுண்டைக்காய் அளவுக்குத் தெரிந்தது. திறந்த ஜன்னல் வழியாக உள்ளே நடந்ததெல்லாம் இவர்களுக்குக் கண்ணாரத் தெரிந்தது.

மைத்துனர் உறை எடுத்தார். சிவப்பு.

"உறை ஈரம்பட்டிருக்கிறது. காலையில் எவனோ ஈரத் துணியோடு வந்தான். செல்லாது," என்றார் ராவ் சாகிப்.

மறுபடி எடுத்தார். சிவப்பு.

"இடது கையால் எடுத்துவிட்டீர்கள். வலது கையால் எடுங்கள்."

வலது கையும் சிவப்பையே கொண்டுவந்தது. பிறகு ராவ் சாகிப் எழுந்து நின்றார்.

"விஞ்ஞானம் தேங்கி நிற்கக்கூடாது. இன்று மத்தியானத்திலிருந்து சிவப்பு என்றால் கத்தி என்று சபை தீர்மானிக்கிறது."

இதைக் கேட்டதும் சென்னியப்பன் தன் சிவப்புத் தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார். "எனக்கும் சிவப்புத்தானுங்க!"

"உம்முடையது காலைச் சிவப்பு," என்று சொல்லி ராவ் சாகிப் ஜன்னலைச் சாத்தினார்.

வண்டி ஊர் திரும்பும் வழியெல்லாம் சின்னண்ணன் பேசிக்கொண்டே வந்தார். "எங்க பூசாரி யாரக் கேக்கறாருன்னாச்சும் சொல்லுவாரு. இவங்க யாரக் கேக்கறாங்க? மோட்டாரையா?"

பாவாயிக்கோ, வாக்கு வாக்குத்தான். இங்கே அறுக்காவிட்டால் என்ன, காவேரிக்கு அக்கரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே போவோம் என்று சின்னண்ணன் சொன்னபோது அவள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"உத்தரவு வராத கழுத்துல கத்தி வெச்சா, பொறகு நான் ஆரப் போயிக் கேக்கறது?"

இப்படியாகச் சபை அவரைத் தான் அறுக்காததோடு, வேறு யாரும் அறுக்காதபடியும் செய்துவிட்டது. அது சபையின் நோக்கத்தில் இல்லாத சாதனை. ஆனாலும் அதன் எல்லாச் சாதனைகளிலும் உறுதியானது.

அடுத்து சுகாதார வாரம் வந்தது. மக்கள் படத்தை நம்புவதில்லை, நேரில் ஒரு கழுத்து வேண்டும் என்று சாரதாமணி அம்மாள் கேட்டார். சென்னியப்பனை ஓமலூருக்கு அழைத்துப் போனார்கள். சந்தை நடுவில் மேடை போட்டு, அதன்மேல் ஒரு பெஞ்சியில் உட்காரவைத்து, அவர் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டினார்கள். கயிறு கழலைமேல் வாகாக உட்கார்ந்தது. அட்டையில் 'அலட்சியத்தின் பலன்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் கத்தி வைத்துக் குணமானவராக மிட்டாதாரின் மைத்துனர் உட்காரவேண்டும். குடியானவனோடு சரிசமமாக உட்காரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டதால், ஒரு வெல்வெட் நாற்காலியில் அவருடைய படத்தைச் சாய்த்து வைத்து மாலை போட்டார்கள். சந்தைக்கு வந்த பெண்கள் அந்தப் படத்தைப் பார்த்து, "ஐயோ பாவம், எப்பச் செத்தாரோ!" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள்.

"பாருங்கள் இந்த மனிதரை!" என்று சாரதாமணி அம்மாள் பிரம்பால் கழலையைச் சுட்டினார். "உரிய காலத்தில் ஆஸ்பத்திரிக்கு வராமல் அலட்சியம் செய்தவர்!"

"நான் வந்தேனுங்களே," என்றார் சென்னியப்பன்.

"குறுக்கே பேசாதேயும். கத்திக்குப் பயந்தவர்!"

"அறுங்க அறுங்கன்னுதானுங்க கேட்டேன்."

"சபையோர்களே, பார்த்தீர்களா? இவரால் தெளிவாகப் பேசவும் முடியவில்லை!"

கைதட்டல் எழுந்தது.

அங்கிருந்து தம்மம்பட்டிக்குப் போனார்கள். அங்கே பிரசங்கம் முடிந்ததும் ஆராயி என்ற கூலிக்காரப் பெண் மேடையருகே வந்தாள். அவள் கழுத்திலும் ஒரு மாங்காய் அளவு தெரிந்தது.

"ஏங்க, இந்தச் சபைக்கு வந்தா அறுத்து உட்ருவாங்களா? எனக்கு ராவெல்லாம் மூச்சு இழுக்குதுங்க."

வராதே தாயே என்று சொல்லச் சென்னியப்பன் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ராவ் சாகிபுக்கு மாலை மரியாதை. பாண்டு வாத்தியம் முழங்கியது. கீச்சுக் குரல் அவர் காதுக்கே எட்டவில்லை. ஆராயி, அவர் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்கிறார் என்று நினைத்து, கும்பிட்டு, பேர் கொடுக்கப் போய்விட்டாள்.

ஊர் திரும்பிய சென்னியப்பன் பழையபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கூழும் இப்போது நின்று நின்று இறங்கியது. ஒரு நாள் மத்தியானம் மூச்சு அடைத்து முகம் கறுத்து, பாவாயி முதுகைத் தட்டித் தட்டித்தான் திரும்ப வந்தது. அன்றைக்கே அவள் செல்லாண்டியம்மன் கோயிலுக்கு ஓடினாள். பூசாரியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

பூசாரி பொறுமையாகக் கேட்டார். "அங்க எத்தன தரம் கேட்டாங்க?"

"ஒரு தரந்தானுங்க."

"அப்ப ரெண்டு பாக்கி நிக்குதே ஆயா! எங்க கேட்டா என்ன, கேக்கறது அவளத்தான? பாக்கிய இங்க கேட்டுப்போடலாம்."

இலைப் பொட்டலங்கள் போட்டார்கள். முதல் தரம் வெள்ளை அரளி. இரண்டாம் தரமும் வெள்ளை அரளி. இரண்டுக்கு ஒன்று. பாவாயி கோயில் வாசலிலேயே நின்று அண்ணனைக் கூவினாள்: "வண்டியப் பூட்டு!"

மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் இருந்தார். அவருக்குத் தமிழ் அவ்வளவாக வராது. ஆகையால் பிரசங்கம் செய்யவில்லை. கழுத்தைப் பார்த்தார், மூச்சு விடச் சொன்னார், கையைக் கழுவிக்கொண்டு வந்தார். வாரம் திரும்புவதற்குள் சென்னியப்பன் கழுத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. ஊர் வந்து தெம்பு கண்டதும் மாட்டைப் பூட்டிக் கிணற்றடியில் நின்று, "ஓ… வா… வாடா!" என்று ஒரு சத்தம் கொடுத்தார். மாடுகள் காதை நிமிர்த்தி, பழைய எஜமானன் வந்துவிட்டான் என்று விறுவிறென்று பின்னேறின. பாவாயி மடைவாயில் நின்றபடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாதக் கெடு வந்தது. சொன்ன சொல் தவறக்கூடாது என்று சென்னியப்பன் சபைக்குப் போனார். டாக்டர் வீரபாகு குனிந்தபடியே நூலைக் கழுத்தில் சுற்றினார்.

"நூல் மிச்சப்படுகிறதே!" என்று நிமிர்ந்தவர் முகம் வெளுத்தது. "ராவ் சாகிப்! கழுத்தைக் காணோம்!"

ராவ் சாகிப் வந்து பார்த்தார். திருட்டுக் கொடுத்தவர் போல ஆகிவிட்டார். "யாரைக் கேட்டுக் குணமானீர்?"

"ஆத்தாளக் கேட்டுத்தானுங்க."

"அது சபையின் கழலை! ஜில்லாவிலேயே முதன்மையானது! கவர்னர் துரைக்குக் காட்டுவதாக எழுதியிருக்கிறேன்!" அவர் மேஜையைத் தட்டினார். "கத்தியில்லாப் பிரிவு ஆசாமி கத்தி வைத்துக்கொண்டால் ஆராய்ச்சிக்கு நீர் கிடையாது."

"கெடையாதுன்னா, எப்படிங்க?"

"இறந்தவராகக் கருதப்படுவீர்."

சென்னியப்பன் சற்று யோசித்தார். "சரீங்க," என்று எழுந்து கும்பிட்டார். "அப்ப நான் போயிட்டு வாரேனுங்க."

மிளகாய் காய்ந்து வந்ததும் அதை விற்கச் சின்னண்ணனின் வண்டியில் தம்மம்பட்டிச் சந்தைக்குப் போனார்கள். பொழுது சாய்ந்தபோது அங்கே வெள்ளைத் துணி கட்டியிருந்தது. கூட்டத்தின் பின்னால் நின்று பார்த்தார்கள். லாந்தர் எரிந்தது. துணியில், மரம் உயரத்துக்கு, சென்னியப்பன்.

"மகாஜனங்களே!" சாரதாமணி அம்மாளின் குரல் தழுதழுத்தது. "இந்த மனிதர் இன்று நம்மிடையே இல்லை. சபையின் யோசனையைக் கேளாமல், பூவையும் பூசாரியையும் நம்பி, அகால மரணம் அடைந்தார்!"

மேடையில் ராவ் சாகிப் தலையைக் குனிந்து துக்கம் காத்தார். அவர் பக்கத்தில், சென்னியப்பன் உட்கார்ந்த அதே பெஞ்சியில், ஆராயி உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு சிவப்புத் தாள்; கழுத்தில் அதே அட்டை. மாங்காய் இப்போது குரும்பையாகத் தொடங்கியிருந்தது. அவள் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

சென்னியப்பன் கிணற்றடியில் நிற்பதுபோலக் காலை அகட்டி நின்றார்.

"இருக்கறேனுங்க!"

அந்தக் குரல் துணியில் பட்டுத் திரும்பி வந்தது. கூட்டம் மொத்தமும் பின்னால் திரும்பியது. சந்தையில் அவிழ்த்து விட்டிருந்த மாடுகளில் சில இரண்டடி பின்வாங்கின.

"அந்தக் கழுத்து என்னோட கழுத்துங்க! அறுத்தாச்சு! நல்லா இருக்கறேன்!"

"இறந்தவர் பேரைச் சொல்லிக் கலகம் செய்யாதேயும்!" என்று சாரதாமணி அம்மாள் பிரம்பை நீட்டினார்.

"பொணமுங்களா இது?" என்று சின்னண்ணன் வண்டிமேல் ஏறி நின்று கேட்டார். "இன்னைக்கு மத்தியானம் எனக்கு எதுர்ல உக்காந்து ரெண்டு உருண்டை களி தின்ன பொணமுங்க!"

கூட்டம் சிரித்தது. சென்னியப்பன் சிரிக்கவில்லை. அவர் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆராயி! அன்னைக்கு வராதேன்னு சொன்னேன் சாமி, குரல் எட்டல. இவங்க அறுக்கமாட்டாங்க. அறுக்கற எடம் எனக்குத் தெரியும். வண்டியில எடமிருக்குது. எந்திரிச்சு வா!"

ஆராயி எழுந்தாள். ராவ் சாகிப், "உட்கார்! நீ கத்தியில்லாப் பிரிவு!" என்றார். அவள் அட்டையைக் கழற்றி, எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்து, அவர் மடியிலேயே வைத்துவிட்டு இறங்கினாள். அவள் பின்னால், கழுத்தில் துண்டு சுற்றியவர் ஒருவர் எழுந்தார். முக்காட்டை இழுத்து மூடியிருந்த ஒரு கிழவி எழுந்தாள். பிறகு அவரவர் வீட்டுக் கழுத்துகளை நினைத்துக்கொண்டவர்களும் எழுந்து, வழி கேட்க வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். திடல் காலியாயிற்று. லாந்தர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தில் ராவ் சாகிப் 'அலட்சியத்தின் பலன்' என்ற அட்டையை மடியில் வைத்தபடி நன்றியுரைக்காகக் காத்திருந்தார்.

சபையின் வருஷாந்தர அறிக்கை அந்த மாலையை இவ்வாறு குறிப்பிட்டது: 'தம்மம்பட்டியில் ராவ் சாகிப் அவர்கள் தலைமையில் நடந்த பிரசாரத்தின் பயனாக, பொதுஜனங்கள் கூட்டம் முடிவதற்கு முன்பே முற்றிலும் விழிப்படைந்தார்கள்.'